பூசணம் பிடித்த மக்காச்சோளத்திலிருந்து நச்சை எடுக்க வழி உண்டா?

#1 கறவைக்காரன்

வணக்கம். கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். தீவனத்தை நானே அரைத்துக் கலக்கிறேன். அறுவடை முடிந்து அடுக்கி வைத்த மக்காச்சோளத்தில் ஒரு பக்கம் கூரை ஒழுகி, மூட்டைகள் சூடேறிப் பூசணம் பிடித்துவிட்டது. மற்ற மூட்டைகளைக் கையில் அள்ளிப் பார்த்தால் நல்ல சோளமாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் சந்தேகப்பட்டு லேபுக்கு அனுப்பினேன். பூசணம் விடுகிற நச்சான அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வறுத்துவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். நல்ல வெயிலில் காயப்போடு என்கிறார் இன்னொருவர். நச்சைப் பிடித்துக்கொள்ளத் தீவனத்தில் கலக்கிற டாக்சின் பைண்டரைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் கவலையே இல்லை என்று சொன்னவரும் உண்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னவரும் உண்டு. இதில் எது நச்சை எடுக்கிறது, எது கண்ணில் படுகிற பூசணத்தை மட்டும் போக்குகிறது? கொட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கொட்டிவிடுகிறேன். இந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 களஞ்சியம்

வறுத்தால் பூஞ்சை செத்துப்போகும், அது விட்டுப்போன நச்சு அப்படியே இருக்கும். அஃப்ளாடாக்சின் முழுதாகச் சிதைய 237 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் சோளம் கரிந்துவிடும். வறுக்கும்போது ஓரளவு குறையும் என்பது உண்மை, ஆனால் எவ்வளவு குறையும் என்பது சூடு, நேரம், ஈரம் எல்லாவற்றையும் பொறுத்தது. அதை நம்பி மாட்டுக்குப் போட முடியாது.

வெயிலும் அப்படித்தான். காயவைப்பது இனிமேல் பூஞ்சை வளராமல் தடுக்கும். ஏற்கெனவே ஊறிப்போனதை எடுக்காது. பூசணத் தடுப்புக்குப் போடுகிற புரோப்பியோனிக் அமிலத்தையும் இதே கணக்கில் வையுங்கள். அதைத் தெளித்ததும் பூசண வாடை போய்விடும், பார்க்கவும் நன்றாக இருக்கும், அதனாலேயே பலர் ஏமாந்துபோகிறார்கள்.

#3 நுண்ணோக்கி

தானியப் பரிசோதனைதான் என் வேலை. வழிமுறைகளுக்குப் போகும் முன் ஒன்று கேட்கிறேன். சாம்பிளை எப்படி எடுத்தீர்கள்? ஒரு மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி அனுப்பியிருந்தால், அந்த 60 என்ற எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. நிஜம் 10 ஆகவும் இருக்கலாம், 300 ஆகவும் இருக்கலாம்.

காரணம், இந்த நச்சு குவியல் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரம் மணிகளில் சில மணிகள் மட்டும் பயங்கரமாக நச்சேறியிருக்கும், மற்றவை சுத்தமாக இருக்கும். நிலக்கடலையில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டிய தனிப் பருப்புகளே பதிவாகியிருக்கின்றன. அரை கிராம் எடையுள்ள அப்படிப்பட்ட ஒரே ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் இருக்கும். அதைத் துளி நச்சும் இல்லாத 10 கிலோ கடலையில் போட்டு அரைத்தால் மொத்தமும் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் ஆகிவிடும். அந்த ஒரு பருப்பு உங்கள் சாம்பிளில் விழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து ரிப்போர்ட் மாறும். அதனால்தான் முறையாகச் செய்பவர்கள் குவியலில் பல இடங்களிலிருந்து, மேல், நடு, அடி என்று சிறிது சிறிதாக எடுத்து, கிலோக்கணக்கில் சேர்த்து, மொத்தத்தையும் பொடியாக அரைத்துக் கலக்கி, அதிலிருந்து பரிசோதனைக்கு எடுக்கிறார்கள்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். உங்களுக்கு இருக்கிற நல்ல வழியும் இதே காரணத்தால்தான் கிடைக்கிறது. நச்சு சில மணிகளில் குவிந்திருக்கிறது என்றால், அந்த மணிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டால் நச்சின் பெரும்பகுதி போய்விடும். உலகம் முழுக்க நிலக்கடலை ஏற்றுமதியில் நடப்பது இதுதான். சுருங்கியவை, நிறம் மாறியவை, பூச்சி துளைத்தவை, தோல் எளிதில் உரியாதவை ஆகியவற்றைக் கையாலும் நிறம் பார்த்துத் தள்ளுகிற இயந்திரத்தாலும் பிரிக்கிறார்கள். வேதியியல் வழிகளுக்கெல்லாம் முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

மக்காச்சோளத்தில் செய்ய வேண்டியது இது. முதலில் ஒழுகிய பக்கத்து மூட்டைகளைத் தனியாக ஒதுக்குங்கள், அவற்றைச் சுத்தம் செய்யவே முயல வேண்டாம். சூடேறிக் கட்டியாகிப்போன மூட்டையில் பொறுக்க எதுவும் மிஞ்சாது. மீதியைச் சல்லடையில் சலியுங்கள். உடைந்த மணி, நொய், தூசி இவற்றில்தான் நச்சு அதிகம். மணியின் தோல் உடைந்த இடத்தில் பூஞ்சை எளிதாக நுழைகிறது. அஃப்ளாடாக்சினுக்கு மட்டுமில்லை, ஃபியூமோனிசின் என்ற இன்னொரு பூஞ்சை நச்சுக்கும் இது பொருந்தும். சலித்த பிறகு காற்றில் தூற்றுங்கள். பூஞ்சை உள்ளே தின்றுவிட்ட மணி எடை குறைந்து போயிருக்கும், காற்றில் தள்ளிப்போய் விழும்.

#4 கறவைக்காரன்

நுண்ணோக்கி, நன்றி. ஒரே மூட்டையின் வாயிலிருந்துதான் சாம்பிள் எடுத்தேன். அது ஒழுகிய பக்கத்துக்கு அடுத்த மூட்டை.

இரண்டு சந்தேகம். புற ஊதா விளக்கு அடித்துப் பார்த்தால் நச்சுள்ள மணி ஒளிரும் என்று கேள்விப்பட்டேன், அதை வைத்துப் பொறுக்கலாமா? அப்புறம், தண்ணீரில் போட்டால் கெட்ட மணி மிதக்கும் என்கிறார்களே, அது சரியா?

#5 நுண்ணோக்கி

விளக்கில் தெரிவது பச்சையும் மஞ்சளும் கலந்த பளீர் ஒளி. அது அஃப்ளாடாக்சினின் ஒளி இல்லை. அந்தப் பூஞ்சை உண்டாக்குகிற கோஜிக் அமிலம், உயிருள்ள தானியத்தின் நொதியோடு சேர்ந்து மாறுவதால் வருகிற ஒளி. ஒளிர்ந்தால் அங்கே பூஞ்சை வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒளிராவிட்டால் நச்சு இல்லை என்று அர்த்தம் இல்லை. முழு மணியில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும், ஏனென்றால் பல மணிகளில் ஒளி முளைப்பகுதியில், தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். எந்த மூட்டையை முதலில் சந்தேகப்படலாம் என்று பார்க்க விளக்கு உதவும், மணி மணியாகப் பொறுக்க உதவாது.

மிதக்கவிடுவது வேலை செய்கிறது. உப்புத் தண்ணீரில் இன்னும் நன்றாகப் பிரியும். ஆனால் நனைந்த சோளத்தை அன்றே அரைத்துப் போட வேண்டும், அல்லது உடனே 13 சதவீத ஈரத்துக்குக் காயவைக்க வேண்டும். காயவைக்கிற வசதி இல்லாதவர் தண்ணீரில் போட்டால் இருந்த பிரச்சினையோடு புதிய பூசணமும் சேரும். உங்களிடம் உலர்த்தி இல்லையென்றால் சலிப்பதோடும் தூற்றுவதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

#6 வரப்பு

ஏன் இவ்வளவு சிரமம்? நல்ல சோளம் வாங்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்று இதைக் கலந்துவிட்டால் 60 என்பது 15 ஆகிவிடுமே. சராசரியில் அளவுக்குள் வந்துவிடும்.

#7 களஞ்சியம்

வரப்பு, காகிதத்தில் அந்தக் கணக்கு வரும், தொழுவத்தில் வராது. நுண்ணோக்கி சொன்னதைத் திரும்பப் படியுங்கள். நச்சு சில மணிகளில் இருக்கிறது. கலப்பதால் அந்த மணிகள் இல்லாமல் போவதில்லை. இதுவரை சுத்தமாக இருந்த மூட்டைகளுக்குள்ளும் அவை போய்ச் சேர்கின்றன, பிறகு எதையும் பிரிக்க முடியாது. ஒரு மாட்டின் பங்கில் 5 விழும், பக்கத்து மாட்டின் பங்கில் 80 விழும். போதாக்குறைக்குப் பூஞ்சை வித்தும் நல்ல சோளத்துக்குள் நுழைந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவிலும் தீவனத்திலும் அளவைத் தாண்டிய சரக்கை நல்ல சரக்கோடு கலந்து அளவுக்குள் கொண்டுவருவதைச் சட்டமே தடுக்கிறது. மனிதர் உண்ணும் பொருளில் வேதிப்பொருள் போட்டு நச்சை முறிப்பதற்கும் அங்கே அனுமதி இல்லை. பொறுக்குவது, சலிப்பது போன்ற பௌதிக முறைகளுக்கு மட்டும்தான் உண்டு.

#8 வரப்பு

சரி, புரிகிறது. எல்லா இடத்திலும் செய்கிறார்களே என்றுதான் கேட்டேன்.

#9 கொம்புமருத்துவம்

கால்நடை மருத்துவர் என்ற முறையில் பாலைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டவரின் கவலை அதுதான்.

மாடு தின்கிற பி1, ஈரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. தின்றதில் 1 முதல் 2 சதவீதம் வரை சாதாரணமாக வரும், அதிகம் கறக்கிற மாட்டில் 6 சதவீதம் வரைகூடப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் பி1 உள்ள தீவனம் ஒரு நாளைக்கு 10 கிலோ தின்றால் உள்ளே போவது 200. அதில் 2 சதவீதம் 4 மைக்ரோகிராம். மாடு 20 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.2. பாலில் எம்1 இருக்க அனுமதிக்கிற உச்ச அளவு அமெரிக்காவில் 0.5, ஐரோப்பாவில் 0.05. ஒரே பால் ஓர் இடத்தில் தேறும், இன்னோர் இடத்தில் தேறாது. தீவனத்தில் பி1 ஐந்தாக இருந்தால்தான் அந்த 0.05 கிடைக்கும். கறவை மாட்டுக் கலப்புத் தீவனத்துக்கு ஐரோப்பா வைத்திருக்கிற அளவும் அதே ஐந்துதான்.

பாலைக் காய்ச்சினால் எம்1 போகாது. அது பால் புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்கிற குணம் உள்ளது. பாலாடைக்கட்டி செய்தால் பாலில் இருந்ததைவிடச் சில மடங்கு கூடிவிடும்.

ஆறுதலான செய்தியும் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் 3, 4 நாளில் பாலிலிருந்து எம்1 பெரும்பாலும் மறைந்துவிடும். அதனால் கறவைக்காரன், ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். இன்றே அந்தச் சோளத்தை நிறுத்துங்கள்.

டாக்சின் பைண்டர் பற்றி. அஃப்ளாடாக்சினுக்கு நன்றாக வேலை செய்வது பென்டோனைட் வகைக் களிமண். அதன் அடுக்குகளுக்கு இடையே மிகக் குறுகலான இடைவெளி இருக்கிறது. அஃப்ளாடாக்சின் மூலக்கூறு தட்டையானது, புத்தகப் பக்கங்களுக்கு நடுவே செருகிய அட்டை போல உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாணத்தோடு வெளியேறிவிடும், ரத்தத்துக்குப் போகிற அளவு குறையும். இதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஐரோப்பா 2013 இல் கால்நடைத் தீவனத்தில் அஃப்ளாடாக்சினைக் குறைக்கவென்றே பென்டோனைட்டை அனுமதித்தது, கிலோவுக்கு அதிகபட்சம் 20 கிராம் என்று.

ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். எல்லா நச்சும் தட்டையாக இல்லை. வாந்தி நச்சு எனப்படும் டியாக்சிநிவலினோலை இந்தக் களிமண் பிடிக்கவே பிடிக்காது. பன்றிகளுக்குச் சினைக் கோளாறு கொண்டுவரும் ஜியராலினோனையும் சரியாகப் பிடிக்காது. பையில் “எல்லா நச்சுக்கும்” என்று அச்சடித்திருந்தால் எந்த நச்சுக்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். அடுத்தது, களிமண் சில மருந்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மாக்ரோலைடு வகை ஆன்டிபயாடிக் தீவனத்தில் கொடுக்கும் நாட்களில் பென்டோனைட் போடக்கூடாது. மூன்றாவது, பைண்டர் நச்சைக் குறைக்கும், பூஜ்யம் ஆக்காது. அளவுக்குள் இருக்கிற தீவனத்துக்குக் கூடுதல் பாதுகாப்பாகத்தான் அது. அளவைத் தாண்டிய சோளத்துக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

#10 உலைமூடி

தீவன ஆலையில் கலவை வகுக்கிறேன். அமோனியா முறையை யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் அஃப்ளாடாக்சினை வேதியியல் முறையில் உடைப்பதில் நன்கு சோதிக்கப்பட்டது இதுதான். மூடிய கலனில் அழுத்தமும் சூடும் கொடுத்து அமோனியா வாயுவைச் செலுத்தினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடியும். சாதாரண சூட்டில் மூடி வைத்தால் இரண்டு, மூன்று வாரம் ஆகும். 95 சதவீதத்துக்கு மேல் நச்சு போய்விடும்.

எப்படி உடைகிறது என்பது முக்கியம். அஃப்ளாடாக்சினில் லாக்டோன் வளையம் ஒன்று இருக்கிறது. காரம் பட்டால் அது திறந்துகொள்ளும். அந்த நிலையில் நிறுத்திவிட்டால், அமிலம் பட்டதும் மறுபடி மூடி, பழைய நச்சாகவே திரும்பிவிடும். சூடும் நேரமும் போதுமான அளவு கொடுத்தால்தான் திறந்த வளையம் மேலும் உடைந்து திரும்ப முடியாத நிலைக்குப் போகும். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னவர் கவனிக்க வேண்டியது இதுதான். ஊறவைப்பதோடு நின்றால் லேபில் குறைந்ததாகக் காட்டும், வயிற்று அமிலத்தில் ஒரு பகுதி உயிர்பெறும்.

அமோனியா முறையை வீட்டில் செய்யவே கூடாது. கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிற வாயு. சோளமும் பழுப்பாகிப் போகும். மூடிய கலனும் கண்காணிப்பும் உள்ள ஆலைக்கு மட்டும் உரியது.

நொதி வழி இப்போது வளர்ந்து வருகிறது. ஃபியூமோனிசினின் பக்கச் சங்கிலிகளை வெட்டி எடுக்கிற எஸ்டரேஸ் நொதி பன்றித் தீவனத்தில் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. வாந்தி நச்சின் எபாக்சைடு வளையத்தை உடைக்கிற குடல் பாக்டீரியா ஒன்றும் பன்றிகளுக்கு வந்திருக்கிறது. களிமண் கைவிடுகிற இடத்தில் இவை உதவுகின்றன. ஒரு நொதி ஒரு நச்சைத்தான் உடைக்கும் என்பதால், எந்த நச்சு இருக்கிறது என்று பரிசோதிக்காமல் வாங்கினால் காசு வீண்.

இன்னொன்று, எரிசாராய ஆலைத் துணைப்பொருளை வாங்குகிறவர்கள் கவனியுங்கள். சோளத்தின் மாவுச்சத்து சாராயமாகிப் போய்விடும், நச்சு போகாது. மிஞ்சுகிற சக்கையில் அது ஏறக்குறைய 3 மடங்கு அடர்ந்து நிற்கும். பூசணச் சோளத்தைச் சாராய ஆலைக்கு விற்றுவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சக்கையாகத் திரும்பித் தீவனத்துக்குத்தான் வருகிறது.

#11 அடுப்படி

மனிதர் உணவுப் பக்கம் கொஞ்சம் சொல்லலாமா? எங்கள் வீட்டில் செக்கு எண்ணெய்தான். கெட்ட கடலையை ஆட்டினால் நச்சு எண்ணெய்க்கு வருமா, பிண்ணாக்குக்குப் போகுமா?

#12 உலைமூடி

பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடும், அஃப்ளாடாக்சின் எண்ணெயில் சரியாகக் கரைவதில்லை. ஆனால் வடிகட்டாத எண்ணெயில் நுண்துகளோடு கொஞ்சம் வரும். ஆலைகளில் காரம் சேர்த்துச் சுத்திகரித்து, வெளுக்கும் களிமண்ணில் வடிக்கும்போது அதுவும் போய்விடும். செக்கில் அந்தப் படிகள் இல்லை. எனவே செக்குக்குப் போகும் முன்னால் கடலையைப் பொறுக்குவதுதான் ஒரே காப்பு. அந்தப் பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். 1960 இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்து, இந்த நச்சு கண்டுபிடிக்கப்பட்டதே தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கால்தான்.

#13 நுண்ணோக்கி

உணவில் நச்சு எங்கே ஒதுங்குகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தானியத்தைத் தீட்டினால் தவிட்டிலும் முளையிலும் அதிகம் போய்ச் சேரும், உள்மாவில் குறையும். சாப்பிடுகிறவருக்கு அது நல்லது, அந்தத் தவிட்டைத் தின்கிற கோழிக்கு நல்லதில்லை. ஆப்பிள் சாற்றில் வருகிற பாட்டுலின் என்ற பூஞ்சை நச்சு வேறு மாதிரி. அது அழுகிய பகுதியில் இருக்கும், பிழியும் முன் அழுகலை வெட்டி எறிந்தால் பெரும்பகுதி போய்விடும். அதே சாற்றை ஈஸ்ட் போட்டு நொதிக்கவிட்டால் பாட்டுலின் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஓசோன் வாயு அஃப்ளாடாக்சினின் இரட்டைப் பிணைப்பைத் தாக்கி உடைக்கும் என்பது உறுதியான வேதியியல். ஆனால் குவியலின் உள்ளே இருக்கிற ஒவ்வொரு மணிக்குள்ளும் வாயு இறங்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். புற ஊதாக் கதிருக்கும் இதே தடைதான், மேற்பரப்போடு நின்றுவிடும்.

#14 கறவைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் சொன்ன அன்றே சோளத்தை நிறுத்திவிட்டேன். ஒழுகிய பக்கத்து மூட்டைகளையும் அவற்றை ஒட்டிய வரிசையையும் ஒதுக்கினேன். மீதியைச் சலித்துத் தூற்றினோம். சல்லடைக்கு அடியில் விழுந்ததைப் பார்த்தபோதுதான் விளங்கியது: நொய்யெல்லாம் சாம்பல் நிறத்தில், முளைப்பக்கம் கறுத்த மணிகளும் பச்சைத் தூளும். மேலே நின்ற சோளம் வேறு பொருள் போல மினுமினுப்பாக இருந்தது.

இந்தத் தடவை ஒவ்வொரு மூட்டையிலும் மூன்று இடத்தில் எடுத்து, சேர்த்து அரைத்து அனுப்பினேன். நல்ல பகுதி கிலோவுக்கு 4 என்று வந்தது. சலித்துத் தள்ளியதையும் தனியாக அனுப்பினேன், அது 200 ஐத் தாண்டிவிட்டது. நல்ல பகுதியைப் பால் வற்றிய மாடுகளுக்கு முதலில் கொடுக்கலாமா? தள்ளிய நொய்யைக் கோழிக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்கிறார். கொடுக்க மனமில்லை, என்ன செய்வது?

#15 கொம்புமருத்துவம்

4 வந்த சோளத்தைக் கறவைக்கே கொடுக்கலாம், பிண்ணாக்கையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். கலவையின் மொத்தக் கணக்குதான் பாலில் தெரியும். முதல் வாரத்தில் பாலை ஒரு முறை எம்1 க்கு அனுப்பிப் பாருங்கள். சினை மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் அவசரப்பட வேண்டாம்.

நொய்யைக் கோழிக்குக் கொடுக்கவே வேண்டாம். குஞ்சுகள் தாங்காது. வாத்துக்குஞ்சு இன்னும் மோசம், அஃப்ளாடாக்சினுக்கு மிக எளிதில் சாகிற உயிர்களில் அது ஒன்று.

#16 நுண்ணோக்கி

விற்காதீர்கள், இலவசமாகவும் கொடுக்காதீர்கள். பொறுக்கித் தள்ளிய சரக்கு மலிவு விலையில் எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் சுற்றி வருவதுதான் இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய வருத்தம். யாரோ கவனமாகப் பிரித்த நச்சு, பிரித்த பிறகு இன்னும் அடர்த்தியாகிப் போய் எளியவர் தட்டில் விழுகிறது.

அதிகச் சூட்டில் எரிக்கிற உலை அருகில் இருந்தால் எரிபொருளாகக் கொடுங்கள். இல்லையென்றால் கிணற்றுக்கும் தீவனக் கிடங்குக்கும் தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். கிடங்கின் ஓரத்தில் குவித்து வைத்தால் வித்து காற்றில் பறந்து அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கும். அள்ளும்போது மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. சல்லடையையும் சாக்குகளையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். நொய் கட்டியிருந்த சாக்கை மட்டும் அதனுடனே போட்டுவிடுங்கள்.

#17 கறவைக்காரன்

சரி. நாளை குழி வெட்டுகிறோம். கூரை ஆளும் நாளைதான் வருகிறார். பிண்ணாக்கு ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுகிறேன்.